வலை வீசத் தெரியாத நாயகன்

அந்தப் படத்தை நான் முதலில் காதால்தான் பார்த்தேன். மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து, புத்தளத்து முகாமில் ஓலைக் கொட்டிலில் நாங்கள் இருந்த காலம். வாப்பாவின் பற்றரி ரேடியோவில் பழைய காதல் படமொன்றின் வசனத்தை முழுவதும் ஒலிபரப்பினார்கள். பணக்காரப் பெண்ணொருத்தி, கரையில் ஒருவன் வலை வீசுவதைப் பார்த்து மனதைப் பறிகொடுக்கிறாள். அவன் குரலுக்கு நானே மனதில் ஓர் ஆளைச் செய்துகொண்டேன். மெலிந்த உடம்பு, கறுத்த கை, வரிசையான பல்.

யுத்தம் முடிந்து சில வருடங்களில் எனக்குக் கலியாணம். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கே வந்தார். கடலோரக் களப்பில் வலை வீசுகிறவர். முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது. மூன்று மாதமாகியும் எனக்கு அவரிடம் மனம் ஒட்டவில்லை. இப்படியே காலம் போய்விடுமோ என்று பயந்தேன். அந்தப் பல்லைப் பார்த்தாலே எரிச்சல் வரும்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்தவர் ஒரு சீடியை நீட்டினார். அதே படம். எப்போதோ பேச்சுவாக்கில் நான் சொன்னதை நினைவில் வைத்திருக்கிறார்.

போட்டுப் பார்த்தோம். நாயகனைக் கண்டதும் என் முகம் வாடிவிட்டது. தொப்பை, டோப்பா, பவுடர், வெயிலே படாத கை. பெரிய நடிகர்தான், நீதவான் வேடம் கொடுத்திருந்தால் நானே எழுந்து நின்றிருப்பேன். அவர் எறிந்த வலை சுருண்டபடியே தண்ணீரில் விழுந்தது. நாயகியோ உருகி நின்றாள். இதற்கா உருகினாள்? அந்த ஒரு வீச்சை நம்ப முடியாததால், பிறகு அவள் விட்ட கண்ணீரில் ஒரு சொட்டையும் என்னால் நம்ப முடியவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

"இந்தாள் வலையா வீசுறாரு? இடுப்புல கட்டுற சாரன நனச்சு எறியிற மாதிரியெல்லா எறியிறாரு" என்றார் என் கணவர்.

"அப்ப நீங்க எப்புடி வீசுவீங்க?" என்று வெடுக்கென்று கேட்டேன்.

எழும்பினார். கட்டில் விரிப்பை எடுத்து ஓரத்தை முன்பல்லில் கடித்தார். மிச்சத்தை முழங்கையில் மடித்துப் போட்டு, இடுப்பை ஒரு திருப்புத் திருப்பினார். விரிப்பு வட்டமாக விரிந்து டீவியை முழுக்க மூடியது.

"ஈயக்குண்டு கோத்த ஓரத்த இப்புடிக் கடிச்சிட்டு, வீசக்குள்ள வாய விடணும். ஒரு நாள் விடப் பிந்திட்டு. வலையோட பல்லும் போச்சு" என்று சிரித்தார்.

விரிப்பை எடுக்கப் போனவரை, "கிடக்கட்டும்" என்று தடுத்தேன். மிச்சப் படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் இருந்து காதால் கேட்டோம். குரல் அதே குரல்தான். ஆனால் முகாமில் நான் செய்துவைத்த ஆள் திரும்பி வரவில்லை. நாயகன் பேசும்போதெல்லாம் பாதி உடைந்த பல்தான் கண்ணில் நின்றது.

அல்ஹம்துலில்லாஹ், அந்த நடிகருக்கு வலை வீசத் தெரியவில்லை.