கிளிமூக்குக் கத்தி

கை போனதைச் சிவராஜ் எப்படியோ பொறுத்துக்கொண்டார். அதைப் பார்த்து உச்சுக்கொட்ட வருகிறவர்களைத்தான் அவருக்குச் சகிக்கவில்லை.

1996-ல் பின்னோக்கி வந்த ஒரு லாரிக்கும் கிடங்குச் சுவருக்கும் நடுவே இடது கை மாட்டிக்கொண்டது. மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். மூன்று மாதத்தில் புண் காய்ந்துவிட்டது, ஊர்தான் விடவில்லை. பஸ்ஸில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும் பெண்கூட எழுந்து இடம் கொடுத்தாள். துர்கா பூஜைப் பந்தலில் யாரோ ஒருவன், வங்காளிகள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, "தாதாவுக்கு வழி விடுங்க" என்று கத்தி, ஆயிரம் பேர் பார்க்க அவரை முன்னால் தள்ளினான். தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் பந்தியில் ரிட்டயரான ஒரு ஆடிட்டர், கேட்காமலே அவர் இலையில் இருந்த அப்பளத்தை நொறுக்கிப் போட்டார். அப்பளம் நொறுக்க எத்தனை கை வேண்டும்? அன்றைக்கு அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்துவிட்டார். பாவம், மனசு சரியில்லை போலிருக்கிறது என்று அதற்கும் உச்சுக்கொட்டினார்கள்.

சிவராஜின் அப்பா தூத்துக்குடியிலிருந்து வங்காளத்துக்கு, கார்டன் ரீச்சில் கப்பல் கட்டும் வேலைக்கு வந்தவர். சிவராஜ் இங்கேயே பிறந்து, இங்கேயே பத்தாவது வரை படித்து, இருபத்தி இரண்டாம் வயதில் கிடர்பூரில் ஒரு சர்வே கம்பெனியில் சாம்பிளராகச் சேர்ந்தார். கப்பலில் வந்து இறங்கும் பருப்பும் பட்டாணியும் சொன்ன தரத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குழாயை மூட்டைக்குள் குத்தி ஒரு பிடி எடுத்துப் பார்க்கிற சோம்பேறிகள் உண்டு. சிவராஜ் அந்த ஜாதி இல்லை. மூட்டையின் வாய்த் தையலை அறுத்து, முழங்கை வரை உள்ளே விட்டு, நடு வயிற்றிலிருந்து எடுப்பார். மேலே நல்ல சரக்கு, நடுவில் புழு என்கிற வித்தையெல்லாம் அவரிடம் பலிக்காது. வியாபாரிகள் அவரை மனசாரத் திட்டினார்கள். அந்தத் திட்டுகளை அவர் சம்பளத்துக்கு மேலே வைத்திருந்தார்.

விபத்துக்குப் பிறகு கம்பெனி அவரை வாசலில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைத்தது. வருகிற லாரியின் நம்பரை நோட்டில் எழுத வேண்டும். மத்தியான வேளைகளில் எழுத லாரியும் இருக்காது. சக சாம்பிளர் தபன் தினமும் ஒரு கமலா ஆரஞ்சை உரித்து, சுளை சுளையாகப் பிரித்து, பேப்பரில் வைத்து நீட்டுவான். "சாப்பிடுங்க ஷிபு-தா" என்பான்; சிவராஜ் அவன் வாயில் ஷிபு அண்ணன். நல்ல பையன். அவன் கழுத்தை நெரிக்க வேண்டும் என்று சிவராஜுக்குத் தோன்றும்.

2001 பிப்ரவரியில் இன்னொரு சாம்பிளர் ரிட்டயரானார். அந்த இடம் எனக்கு வேண்டும் என்று சிவராஜ் நேரே மேனேஜர் குருமூர்த்தியிடம் போய் நின்றார். குருமூர்த்தி கும்பகோணத்துக்காரர்; எறும்புக்கும் தீங்கு நினைக்காதவர். சிவராஜின் கணக்கில் இதைவிடப் பெரிய வசவு கிடையாது.

"உங்களுக்கு எதுக்கு சார் இந்தச் சிரமமெல்லாம்? உக்காந்த இடத்துல சம்பளம் வரதே."

"உக்காரதுக்கு நான் வேலைக்குச் சேரல சார்."

குருமூர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியில், மார்ச் முப்பதாம் தேதி தன் கண் முன்னால் மூன்று மூட்டையைச் சாக்கு கிழியாமல் அறுத்துக் காட்டினால் உத்தரவு போடுவதாக ஒப்புக்கொண்டார். முடியாவிட்டால் ஸ்டூல்தான், அதற்கப்புறம் இந்தப் பேச்சே கூடாது.

சிக்கல் கத்தியில் இருந்தது. திறந்த கத்தியைத் துறைமுக வாசலில் காவலர்கள் உள்ளே விடமாட்டார்கள்; மடக்குக் கத்திதான் கொண்டுபோக வேண்டும். அவருடைய பழைய கத்தியில் ஒரு கை பிடியைப் பிடிக்க, இன்னொரு கை நகத்தால் அலகை இழுக்க வேண்டும். பல்லால் இழுத்துப் பார்த்ததில் முன்பல் ஓரம் தெறித்தது. திறந்தால் மட்டும் போதாது. நேர் அலகால் தையலை அறுக்க, இடது கை நூலை இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்க ஆளில்லாவிட்டால் கத்தி வழுக்கிச் சாக்கில்தான் இறங்கும்.

கிடர்பூர் பஜாரில் கப்பல்காரர்கள் விற்றுவிட்டுப் போகும் சாமான்களுக்கென்றே வரிசையாகக் கடைகள். மூன்று ஞாயிற்றுக்கிழமை அங்கே அலைந்தார். அப்படி அலைந்ததில் மனித குலத்தின் மேல் அவருக்கு மிச்சமிருந்த மரியாதையும் போயிற்று. ஒரு கடைக்காரன் கரண்டி, கத்தரிக்கோல், பல்குச்சி எல்லாம் வைத்த சிவப்புக் கத்தியைக் காட்டினான். "இதோட ஒரு கட்டிலும் வச்சிருந்தா குடித்தனமே நடத்தலாம்" என்று சிவராஜ் ஹிந்தியில் சொல்லிவிட்டு நகர்ந்தார். இன்னொருவன் பொத்தானை அமுக்கினால் சடக்கென்று பாய்கிற கத்தியை எடுத்து, கண்ணைச் சிமிட்டினான். பட்டாணி மூட்டையை மிரட்டவா போகிறோம்? எல்லாவற்றையும்விட மோசம், ஒவ்வொருவனும் அவருடைய காலிச் சட்டைக்கையைப் பார்த்துவிட்டு, "இருங்க, நான் திறந்து காட்டுறேன்" என்று தானே இரண்டு கையாலும் திறந்து காட்டினான். கண்ணில்லாதவனுக்குக் கண்ணாடி விற்கிற ஜன்மங்கள்.

கடைசிக் கடை நசீமுடையது. அறுபது வயது, வெற்றிலைக் கறை, எவரையும் நிமிர்ந்து பார்க்காத முகம். ரேடியோவைப் பிரித்துப் போட்டு எதையோ பற்றவைத்துக்கொண்டிருந்தான்.

"ஒரு கையால் திறக்கிற கத்தி இருக்கா?"

நசீம் ஒரு தகர டப்பாவைக் காலால் தள்ளினான். "தேடிக்கோ. எனக்கு வேலை இருக்கு."

சிவராஜுக்கு ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக ஒரு மனிதனைப் பிடித்தது.

டப்பாவின் அடியில் அது கிடந்தது. கறுப்புப் பிடி. அலகின் மேல்பக்கம் கட்டைவிரல் நுனி நுழையும்படி ஒரு வட்ட ஓட்டை. விரலை வைத்துத் தள்ளினார். அலகு பாதி வரை வந்து நின்றது. மறுபடி தள்ளினார். டக்கென்று பூட்டிக்கொண்டது. அப்போதுதான் அலகின் வடிவத்தைப் பார்த்தார். கிளியின் மூக்கு மாதிரி கீழ்நோக்கி வளைந்திருந்தது. கூர் முழுவதும் உள்வளைவில். வெளிப்புறம் மழமழவென்று இருந்தது; விரல் வைத்தால்கூட வெட்டாது.

"இது எதுக்கு உள்ளது?"

"வலை அறுக்கன்னு வித்தவன் சொன்னான். நாலு வருஷமா கிடக்கு. கோணல் கத்தியை எவன் வாங்குவான்?"

சிவராஜ் கடை வாசலில் கிடந்த ஒரு சாக்கின் தையலுக்கு அடியில் அந்த மூக்கை நுழைத்து இழுத்தார். கூர் நூலை மட்டும் தேடிப் பிடித்து அறுத்தது. மழுங்கிய முதுகு சாக்கின் மேல் வழுக்கிக்கொண்டு போயிற்று. எவனும் எதையும் பிடிக்க வேண்டியிருக்கவில்லை.

"ஏய், அது என் சாக்கு" என்றான் நசீம். பேரம் பேசியபோது ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. சிவராஜ் மகிழ்ச்சியோடு கொடுத்தார்.

வீட்டில் தினமும் சாயங்காலம் மணல் அடைத்த சாக்கைச் சுவரோரம் நிறுத்திப் பழகினார். மனைவி சாவித்திரி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"நான் வேணா புடிச்சுக்கிடுதேனே."

"நீ புடிச்சா அங்க யாரு புடிப்பா? கிடர்பூருக்கு வருவியா?"

"கை போனது ஒங்களுக்கு. அதுக்கு ஏச்சு வாங்குதது நானா?" என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். அதில் நியாயம் இருந்தது. அவர் அடுத்த தையலில் மூக்கை நுழைத்தார்.

மார்ச் முப்பது. கிடங்கில் எல்லோரும் கூடியிருந்தார்கள். நடுவில் மூன்று பட்டாணி மூட்டைகள். குருமூர்த்தி கையில் டைப் அடித்த உத்தரவு, பேனா மூடி திறந்தே இருந்தது. சிவராஜ் கட்டைவிரலால் கத்தியைத் திறந்தார். மூக்கைத் தையலுக்குள் விட்டு இழுத்தார்.

நூல் அறுபடவே இல்லை; அப்படியே கழன்று விழுந்தது. ஏற்கெனவே நாலு இடத்தில் பிளேடால் அறுத்து, நுனியை உள்ளே சொருகி வைத்திருந்தார்கள். இரண்டாவது மூட்டையும் அப்படித்தான். மூன்றாவதை அவர் தொடக்கூட இல்லை. அதற்குள் கைதட்டல் கிடங்குக் கூரையைத் தொட்டது. தபன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"எவன் அறுத்து வச்சது?"

குருமூர்த்தி சிரித்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. "எல்லாரும் சேர்ந்துதான். விடுங்கோ சார், உங்களுக்கு நல்லது நடந்தா போதாதா? இதோ கையெழுத்து போட்டுடறேன்."

சிவராஜுக்கு உடம்பு எரிந்தது. அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டால் அவர் கேட்ட வேலை கிடைத்துவிடும். வாங்கிக்கொண்டு சாகும்வரை இந்த முகங்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கலாம். அவர் வாங்கவில்லை. திரும்பி, டெலிவரிக்காகத் தைத்து அடுக்கி வைத்திருந்த மூட்டை அட்டிக்கு நடந்தார். முதல் மூட்டையின் தையலில் மூக்கைப் போட்டு ஒரே இழுப்பு. மஞ்சள் பட்டாணி அருவியாகக் கொட்டியது. அடுத்தது. அதற்கடுத்தது. ஒரு கையும் ஒரு கோணல் கத்தியும் அட்டியின் ஓரமாகவே போய்க்கொண்டிருந்தன. பட்டாணி தபனின் செருப்புக்குள் போயிற்று, மேனேஜரின் பாண்ட் மடிப்புக்குள் போயிற்று.

"யோவ்! அறிவிருக்கா உனக்கு?" குருமூர்த்தி கத்தினார். கும்பகோணத்து மென்மையெல்லாம் பறந்துவிட்டது. "பார்ட்டி சரக்குய்யா அது! நாளைக்கு எவன் பதில் சொல்றது? நிறுத்துய்யா!"

சிவராஜ் நிறுத்தினார். மூச்சு வாங்கியது. கையிலிருந்த உத்தரவைக் குருமூர்த்தி நாலாகக் கிழித்து எறிந்துவிட்டு விடுவிடுவென்று ஆபீஸுக்குள் போனார். மற்றவர்கள் ஒருவர்கூடப் பரிதாபமாகப் பார்க்கவில்லை. தபன் வங்காளத்தில் அசிங்கமாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, குனிந்து பட்டாணியைக் கூட்ட ஆரம்பித்தான்.

மறுநாள் மெமோ வந்தது. இங்கிலீஷில் அரைப் பக்கம். சிவராஜ் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து சாவித்திரிக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார்.

"சாம்பிளர் சிவராஜ் அவர்களுக்கு. நீங்கள் நேற்று டெலிவரிக்கு வைத்திருந்த ஆறு மூட்டைகளின் தையலை முழுவதுமாக அறுத்துச் சரக்கைச் சிந்தவிட்டீர்கள். சாக்குகளுக்குச் சேதம் ஏதுமில்லை என்றாலும், இது பொறுப்பற்ற செயல். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் விளக்கம் தரவும்."

"வேலையே போயிரும் போலிருக்கு, இளிக்கிய?" என்றாள் சாவித்திரி.

"சாம்பிளர்னு போட்டிருக்கான் பாத்தியா? கோபத்துல கை தானா அடிச்சிருக்கு. சேதம் ஏதுமில்லைன்னு அவனே எழுதிட்டான். இனிமே எப்பிடிடீ இல்லேன்னு சொல்லுவான்?"

சாவித்திரி காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மேசையைத் துடைத்துவிட்டு, பேனாவை எடுத்து வைத்தாள். காகிதம் நகராமல் இருக்க அதன் மூலையில் விரலை வைக்கப் போனவள், கையை இழுத்துக்கொண்டாள்.

சிவராஜ் குறைக்கையைக் காகிதத்தின் மேல் ஊன்றி, விளக்கத்தை இரண்டே வரியில் எழுதி முடித்தார்.

"குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆறு மூட்டை என்று எழுதியிருப்பது தவறு, ஏழு."