முனியசாமியின் காரும் ஆறு மூடைக் காயும்

குரங்கணிக்கு மேலே மூன்று ஏக்கர் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருக்கும் முனியசாமி, தன்னைப் பற்றி யார் என்ன சொன்னாலும் சிரித்துக்கொள்வார். காயைப் பற்றி மட்டும் ஒரு சொல் பொறுக்கமாட்டார். போடி ஏல மையத்தில் ஒரு வியாபாரி, தட்டில் கிடந்த அவருடைய காயை மோந்துவிட்டு மூக்கைச் சுளித்தார். அந்த ஆள் வீட்டுக் கல்யாணத்துக்கே முனியசாமி போகவில்லை. சுளித்தவருக்கு அன்றைக்கு ஜலதோஷம் என்பது பிறகு தெரிந்தது. அப்புறமும் பேசவில்லை.

புதுக் காரில் காய் போனதும் இந்தப் புத்தியால்தான். லோடு ஜீப்பில் மூடைமேல் ஆள் ஏறி உட்காருவார்கள், காய் நசுங்கும். ஆகவே பின்சீட்டை மடக்கி, டிக்கியோடு சேர்த்து ஆறு மூடை அடுக்கி, ஏசி போட்டு மலையிறக்கினார். மனைவி வேலுத்தாய் பஸ்சில் வந்தாள்.

ஒரு சீசன் இப்படி ஓடியதும் பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டும் எண்ணெய் கசிந்து உட்கார்ந்துவிட்டன. வாரண்டியில் மாற்றித் தரச்சொல்லி தேனி ஷோரூமுக்குப் போனார். சொந்த உபயோகக் காரில் சரக்கு ஏற்றியிருந்தால் வாரண்டி கிடையாது என்றார்கள். "ஏத்தவே இல்லை" என்று இரண்டு மாதம் நடையாய் நடந்தார். அடுத்த பறிப்பு நெருங்கிவிட்டது. கார் சரியாகாவிட்டால் காய் மறுபடி ஜீப்பில்தான். கடைசியில், கம்பெனியிலிருந்தே ஆள் வந்து பார்த்து முடிவு சொல்லும் என்று நாள் குறித்தார்கள்.

முந்தின நாள் வேலுத்தாய் காரை ஷாம்பு போட்டுத் தேய்த்தாள். நாலு கதவையும் பகல் முழுக்கத் திறந்துபோட்டாள். மறுநாள் ஷோரூம் வாசலில் காரிலிருந்து இறங்கும்போது சொன்னாள்:

"ஏங்க, கேட்டா 'இல்லை'ன்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒரு வார்த்த வாயில வரக்கூடாது."

"எனக்குத் தெரியாதாக்கும்?"

"உங்களப் பத்தித் தெரியும்னுதான பயமா இருக்கு."

கம்பெனியிலிருந்து வந்த அனுப்பிரியாவுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். கையில் டேப்லெட். கதவைத் திறந்ததும், "ஏலக்கா வாசம் வருதே?" என்றாள்.

ஷோரூமின் சர்வீஸ் மேனேஜர் விஜயபாண்டி உடனே குறுக்கே வந்தார். "மேடம், போடிக் காருன்னா அப்படித்தான். அங்க ஆஸ்பத்திரியே இந்த வாசம்தான் அடிக்கும்."

இரண்டு மாதமாகத் தன்னை அலையவிட்ட மனுசன் தன் பக்கம் பேசுவதை முனியசாமி நம்பமுடியாமல் பார்த்தார். விஜயபாண்டிக்கோ இவர் இனிமேல் வராமலிருந்தால் போதும்.

அனுப்பிரியா பின்சீட்டைத் தூக்கினாள். இரும்புச் சட்டத்தின் இடுக்கில் ஏழெட்டுக் காய் கிடந்தது. உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"சார், இது என்ன? சரக்கு ஏத்துனீங்களா?"

"இல்லை" என்றார் முனியசாமி. வேலுத்தாய் மூச்சு விட்டாள்.

"அட, ஏழு காய் சரக்காகுமா மேடம்?" என்றார் விஜயபாண்டி. "டீக்குப் போட அண்ணன் கடையில வாங்கிருப்பாரு. பாத்தாலே தெரியுதே, கூட்டிப் பெருக்கி அள்ளிப்போடுற கழிசல் காயி. அப்படியே எழுதிக்கங்க. முடிஞ்சது சோலி. என்னண்ணே?"

முனியசாமி தலையாட்டியிருக்க வேண்டும். பாதி ஆட்டவும் செய்தார். பிறகு கண் உள்ளங்கையில் போய் நின்றுவிட்டது.

"எது கழிசல்?"

"ஏங்க" என்றாள் வேலுத்தாய்.

"நீ இரு. எது கழிசல்ங்கிறேன்! அம்மாடி, இப்படிக் கொண்டா." ஒரு காயை எடுத்து நகத்தால் கீறினார். "உள்ள பாரு, ஏலரிசி கருகருன்னு எப்படி இருக்குன்னு. காயி பருமன் எட்டு எம்எம். சீட்டுக்கடியில மாசக்கணக்கா கெடந்தும் பச்ச மாறல. இத கடையில வாங்குனேனாம்ல! என் தோட்டத்துக் காயி ஆத்தா. ஆறு மூடை, அலுங்காம, இந்தக் காருலதான் எறக்குனேன்."

விஜயபாண்டி மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஒரு தடவையா சார்?" என்று கேட்டாள் அனுப்பிரியா.

"ஒரு தடவையா? சீசன் பூராவும்!"

அவள் தட்டச்சு செய்து, தாளாக எடுத்து நீட்டினாள். 'வாரண்டி மறுக்கப்படுகிறது. வாகனத்தில் ஏலக்காய் மூடைகள் ஏற்றப்பட்டதை உரிமையாளரே ஒப்புக்கொண்டார்.' முனியசாமி இரண்டு முறை படித்தார். முகம் சுருங்கியது. சண்டைக்குக் கிளம்புகிறார் என்று விஜயபாண்டி எழுந்தார்.

"வெறும் ஏலக்காய்னு போட்டிருக்கியேம்மா. முதல் தரம்னு எழுது. அப்பத்தான் கையெழுத்து."

அனுப்பிரியா வேலுத்தாயைப் பார்த்தாள். வேலுத்தாய் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திருத்திய தாள் வந்தது, கையெழுத்தும் ஆனது.

காரைக் காசு கொடுத்தே சரிபார்க்க ஷோரூமில் விட்டுவிட்டு பஸ் ஏறினார்கள்; போடி வரைக்கும் வேலுத்தாய் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். அவர் அந்தத் தாளை மடங்காமல் பிடித்துக்கொண்டு வந்தார்.