இடது பக்கத்து அளவு

1. வில் ஒரு சனிக்கிழமை மதியம் வந்தது. அட்டைப்பெட்டியைப் பிரிக்க அம்மா தன் தையல் கத்தரிக்கோலைத் தர மறுத்துவிட்டாள். அரிவாள்மணையில் வைத்துப் பிரித்தேன்.
2. அம்மா தன் அளவு நாடாவை எடுத்து என் கை விரிவை அளந்தாள். அறுபத்து நான்கு அங்குலம் என்றாள்.
3. வில்லோடு வந்த குறிப்பில் சொல்லியிருந்தபடி அதை இரண்டரையால் வகுத்து, வந்த எண்ணுக்கு வில்லின் சக்கரங்களைத் திருப்பி வைத்தேன்.
4. மறுநாள் காலை முதல் அம்பை விட்டேன். அம்பு சாக்கில் தைத்தது. நாண் என் இடது முன்கையில் அறைந்தது.
5. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அம்மாதான் கத்தினாள்.
6. திங்கட்கிழமை அலுவலகம் போகும்போது அந்த இடம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

மூன்று நாட்களில் நடந்தது இவ்வளவுதான். ஏன் என்று சொல்ல அந்த இடது கையிலிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டு வருடங்களுக்கு முன் துறைமுகச் சாலையில், லாரியிலிருந்து சிந்திக் கிடந்த மணலில் என் ஸ்கூட்டர் சறுக்கியது. இடது முழங்கை உடைந்தது. தகடு வைத்துச் சேர்த்தார்கள். எலும்பு கூடியது, கை முழுதாக நிமிரவில்லை. இடுப்பில் குடம் ஏந்தியிருப்பதுபோல ஒரு மடிப்பு அதில் நின்றுவிட்டது. இதற்கு மேல் நிமிராது என்று டாக்டர் எங்கள் இருவரிடமும் சேர்த்துத்தான் சொன்னார். எனக்கு அது காதில் ஏறியது. அம்மாவுக்கு ஏறவில்லை. தினமும் சாயங்காலம் நல்லெண்ணெயைச் சுடவைத்து, என் முழங்கையைத் தன் மடியில் போட்டுத் தேய்ப்பாள்.

“நேத்தைக்கு இன்னைக்குக் கொஞ்சம் நேரா வந்திருக்கு பாரு.”

பார்ப்பேன். வந்திருக்காது. “ஆமாம்மா” என்பேன்.

மதுரையில் ஒரு மைதானத்துக்குத் தோழிகளோடு போயிருந்தபோது, யார் வேண்டுமானாலும் இழுத்துப் பார்க்கலாம் என்று வைத்திருந்த ஒரு பயிற்சி வில்லை எடுத்துப் பார்த்தேன். இழுப்பது வலது கை. இடது கை நீட்டி அசையாமல் தாங்கினால் போதும். தாங்கியது. பேருந்தில் திரும்பி வரும்போதே முடிவு செய்துவிட்டேன். எனக்கென்று ஒரு வில் வேண்டும். இந்தக் கை இப்படியே இருந்தாலும் போதும் என்று அம்மா தன் கண்ணால் பார்க்க வேண்டும்.

அதனால்தான் அந்தக் காயம் வலித்ததைவிட அதிகமாக என்னைக் கவலைப்படுத்தியது.

“இந்தக் கைக்கு இதெல்லாம் ஆவாதுன்னு சொன்னேம்லா” என்றாள் அம்மா. “கை நிமிரட்டும். பெறவு வில்லோ வேலோ என்னத்தையும் பிடி.”

காம்பவுண்ட் வில்லின் இரண்டு முனைகளிலும் சக்கரங்கள் இருக்கும். நாணை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்பதை அவைதான் முடிவு செய்கின்றன. வைத்த அளவு வந்ததும் சுவரில் முட்டியதுபோல நாண் நின்றுவிடும். ஆகவே அது ஓர் ஆளுக்கு மட்டுமே பொருந்தும், அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி. அளவு சரியாக இருந்தால் நாண் கையைத் தொடாமல் போக வேண்டும். என்னுடையது சரியான அளவு என்றுதான் நம்பினேன். என்ன இருந்தாலும் ஊரில் பாதிப் பேருக்கு ரவிக்கை தைக்கிற கை அளந்தது.

அடுத்த ஞாயிறு அம்மா ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தாள். பழைய ஜீன்ஸ் துணியை நாலு மடிப்பாக என் முன்கையில் சுற்றி அவளே கட்டிவிடுவாள், பக்கத்தில் நிற்பாள். வீட்டுக்குப் பின்னால் உப்புக் கிடங்கின் உயரமான சுவர் இருக்கிறது. அதன் அடியில், வெட்டுத்துணிகளைத் திணித்த உப்புச் சாக்குகளை அடுக்கியிருந்தேன். அதற்கு முன்னால் ஒரு பழைய ஜன்னல் சட்டத்தில் செய்தித்தாளை இழுத்து ஒட்ட வேண்டும். அம்பு காகிதத்தைத் துளைத்துப் போகும்போது உண்டாகும் கிழிசலைப் பார்த்தால், அதன் வால் எந்தப் பக்கம் ஆடியது என்று தெரியும். அதற்கேற்ப அம்பு தாங்கியை நகர்த்தலாம். கடல் காற்று எழும்புவதற்குள் முடிக்க வேண்டும். எழும்பிவிட்டால் அம்புக்கு முன்னால் காற்றே காகிதத்தைக் கிழித்துவிடும்.

செய்தித்தாளை அம்மா ஒவ்வொரு பக்கமாகச் சோதித்தாள்.

“இது வேண்டாம். செத்தவுக படம் போட்டிருக்கு.”

“இது?”

“இதுல பொண்ணு மாப்பிள்ள சிரிச்சிக்கிட்டு நிக்காங்க. அதுல போயி அம்பு விடுவியா?”

கடைசியில் டெண்டர் அறிவிப்புகள் நிறைந்த பக்கங்கள் எனக்குக் கிடைத்தன.

திரேஸ்புரத்திலிருந்து மீன் வாங்கிக்கொண்டு வந்த பக்கத்து வீட்டு அக்கா, இரு வீட்டுக்கும் நடுவிலிருக்கும் குட்டைச் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

“ஏளா, குலசை தசராவுக்கு நேந்திருக்கியா? என்ன வேஷம்?”

“வேஷம்லாம் இல்லக்கா. சும்மாதான்.”

“சும்மா எவளாவது வில்லு பிடிப்பாளா? அம்மைக்காரி வேற காவலுக்கு நிக்கா. இனி பொண்ணு பாக்க எவன் இந்தப் பக்கம் வருவான்?”

“நீ மொதல்ல அந்தச் சாள மீன உள்ள கொண்டு வையி” என்றாள் அம்மா. “பூன ஒம் பின்னாலயே வருது.”

முதல் அம்புக்குக் காகிதம் இடப்பக்கம் கிழிந்தது. தாங்கியை ஒரு மயிரிழை நகர்த்தினேன். அடுத்தது வலப்பக்கம். திரும்ப நகர்த்தினேன். அதற்கடுத்தது சாய்வாக மேலே போயிற்று. ஒவ்வொரு முறையும் ஜீன்ஸ் துணியில் நாண் பட்டு ‘டப்’ என்றது. ஒவ்வொரு ‘டப்’புக்கும் அம்மாவின் தோள் குலுங்கியது. அவள் சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

துறைமுகத்தில் எடைமேடைகளைச் சரிபார்ப்பது என் வேலை. மேடை எப்போதும் ஒரே பக்கமாகத் தவறினால் திருத்திவிடலாம். ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி தவறினால் திருகாணியைத் தொடக்கூடாது. எங்கோ ஏதோ உரசுகிறது என்று அர்த்தம். முதலில் அதைத் தேட வேண்டும். இங்கே உரசுவது என் கைதான் என்பது துணியிலேயே தெரிந்தது. ஏன் உரசுகிறது என்பதுதான் தெரியவில்லை. போனை ஒரு நாற்காலியில் சாய்த்து வைத்து, நான் நாணை இழுப்பதைப் பக்கவாட்டில் பதிவு செய்து பார்த்தேன். தாடையோரம் நிற்க வேண்டிய வலது கை காதைத் தாண்டி நின்றது. நாண் நிற்கும் தூரத்தை எட்டுவதற்காக நான் பின்னால் வளைந்திருந்தேன். இடது கை தன்னால் முடியாத தூரத்துக்கு நீளப் பார்த்துக்கொண்டிருந்தது.

வில்லின் இழுப்பு எனக்கு நீளமாக இருந்தது. அளவு தவறு.

உள்ளே போனேன். அம்மா அதற்குள் மெஷினில் உட்கார்ந்து யாருடைய ரவிக்கைக்கோ கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, அன்னைக்கு என் கைய எப்படி அளந்தே?”

“எப்பவும் அளக்க மாதிரிதான்.”

“எங்கயிருந்து எங்க?”

“நெஞ்சுக்குழியில இருந்து விரல் நுனி. முப்பத்திரெண்டு. ரெண்டு பக்கத்துக்கும் அறுவத்தினாலு.”

“இடது பக்கம் அளந்தியா?”

மெஷின் தையலை முடிக்கும்வரை ஓடியது. அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். கத்தரிக்கோல் பக்கத்திலேயே இருந்தது.

“துணிய ரெண்டா மடிச்சுத்தான வெட்டுதோம். ஒரு பக்கம் அளந்தா போதாதா?”

“நான் என்ன துணியாம்மா?”

வழக்கமாக இதற்குச் சிரித்திருப்பாள். விபத்துக்குப் பிறகு அவள் எனக்குத் தைத்த சுடிதார்களிலெல்லாம் இடது கை மணிக்கட்டைத் தாண்டி விழும். மடித்து விட்டுக்கொள்வேன். அவசரத்தில் தைக்கிறாள் என்று இரண்டு வருடமாக நினைத்திருந்தேன். அந்தப் பக்கம் அவள் நாடாவையே கொண்டு போகவில்லை.

“அளந்துட்டா அதுதான் அளவுன்னு ஆயிரும்ளா” என்றாள்.

அவள் கையிலிருந்த ரவிக்கையை வாங்கி மடித்து வைத்தேன். பிறகு, போனில் பார்த்த வில் பயிற்சி வீடியோவில் கற்றதைச் சொன்னேன்.

“அம்பு விடுதவங்க கைய முழுசா நிமித்தக் கூடாதாம்மா. கொஞ்சம் மடக்கித்தான் வைக்கணுமாம்.”

“கொஞ்சம்னா, இவ்வளவா?”

“இவ்வளவு இல்ல.”

“பெறவு என்னத்துக்கு எனக்கு ஆறுதல் சொல்லுதே?”

இருவருக்கும் சிரிப்பு வந்தது. அம்மாவுக்குப் பாதியில் நின்றுவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கழுத்தில் கிடந்த நாடாவை உருவினாள்.

“நேரா நில்லு.”

நாடாவின் முனையை என் நெஞ்சுக்குழியில் வைத்து, தோள் வழியாக இடது கையில் ஓட்டினாள். முழங்கை வந்ததும் அவள் விரல்கள் நின்றன. எண்ணெய் தேய்க்கும்போது செய்வதைப்போல மெல்ல அழுத்தினாள். நிமிர்த்திப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. நானும் முடிந்தவரை நீட்டிக் கொடுத்தேன். அது வழக்கமான இடத்தில் நின்றது. அதற்கு மேல் அவள் அழுத்தவில்லை. மடிப்பில் வளைக்காமல் நாடாவை நேராக இழுத்து, விரல் நுனியில் நகத்தால் பிடித்தாள்.

“முப்பது” என்றாள், வாடிக்கைக்காரர்களுக்குச் சொல்லும் அதே குரலில். பிறகு எனக்குக் கேட்கவில்லையோ என்பதுபோல இன்னொரு முறையும் சொன்னாள்.

கணக்கு இருபத்தைந்துக்குச் சற்றுக் கீழே வந்தது. நான் இழுப்பதைப் பதிவு செய்திருந்ததை மறுபடி பார்த்து இன்னும் கொஞ்சம் குறைத்தேன். ஆலன் கீ எனும் ஆறுமுனைச் சாவியால் சக்கரங்களின் திருகாணிகளைத் தளர்த்தி, மேலும் கீழும் ஒரே எண்ணுக்கு நகர்த்தி இறுக்கினேன். அம்மா ஜீன்ஸ் துணியை மறுபடி சுற்றிக் கட்டிவிட்டாள், முன்பைவிட ஒரு மடிப்பு கூடுதலாக.

நாணை இழுத்தேன். வலது கை தாடையோரம் வந்து நின்றது. இடது கை தன் மடிப்போடு அப்படியே இருந்தது. அம்பை விட்டேன்.

சாக்கில் அம்பு தைத்த சத்தம் மட்டும் கேட்டது.

“பட்டுச்சா?”

“படலம்மா.”

“எங்க, காட்டு.”

என் வார்த்தையை அவள் நம்பவில்லை. முடிச்சை அவிழ்த்து, துணியை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்து, முன்கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மஞ்சளாகிக்கொண்டிருந்த பழைய காயம்தான் இருந்தது. அதன்மேல் ஒருமுறை ஊதினாள். பிறகு உள்ளங்கையால் என் முழங்கையை அடியிலிருந்து தாங்கி, கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தாள்.

“இன்னொன்னு விடு, பாப்போம்” என்றாள்.

இப்போது வில் இருபத்து நான்கரை அங்குலத்தில் இருக்கிறது. காகிதம் எல்லா முறையும் ஒரே பக்கமாக, லேசாக மேலே கிழிகிறது. தாங்கியைச் சற்று உயர்த்த வேண்டும். திருகாணிகளில் உப்புக் காற்றுக்குத் துரு பிடிக்கத் தொடங்கியிருக்கிறது, வாரம் ஒருமுறை துடைக்கிறேன். இடது கை நிமிரவில்லை. வில்லைத் தாங்குகிறது.