ஸோல்வெரேவும் உப்பு மூட்டை முடிச்சும்

பாதிரியாராகப் படிக்கிறவர்களின் குருமடத்தில் முதலாண்டு மாணவர்களுக்கு இலத்தீன் கற்பிக்கச் சேர்ந்தபோது, மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலையை உறுதி செய்வோம் என்றார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் முத்தையாபுரத்தில் உப்பளத்து வேலை. "மக இலத்தீன் டீச்சர்" என்று அம்மா பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவர்களிடமெல்லாம் சொல்லியாகிவிட்டது. கேட்காதவர்களிடம் நானே சொன்னேன். ஆகவே இந்த வேலை போகக் கூடாது.

மூன்றாம் மாதக் கடைசியில் குருமடத் தலைவரான ரெக்டர் சாமி என்னை நிறுத்தினார். "நாளைக்கு உங்க கிளாஸ்ல வந்து உக்காருதேன் டீச்சர். பாத்துட்டு முடிவச் சொல்லுதேன்."

1. ஒரே ஆள், நாலு வேலை

நான் எடுத்துக்கொண்ட வினைச்சொல் ஸோல்வெரே. அவிழ்த்தல், விடுவித்தல், கடனைச் செலுத்துதல், நேர்ச்சையை நிறைவேற்றுதல் என்று அதன் பொருள்களைக் கரும்பலகையில் எழுதினேன். கடைசி பெஞ்சில் ரெக்டர் சாமி கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

மாணவர்களை இங்கே பிரதர் என்றுதான் கூப்பிடுவோம். பிரதர் லூர்து ஆற்றங்கரை வயல் ஊர்க்காரர். அவர்தான் முதலில் எழுந்தார். "ஒரே ஆளு நாலு வேலை பாக்குதான். நம்ம சமையக்கார அண்ணாச்சி மாதிரியா மிஸ்?"

சிரிப்பு அடங்கியதும், "நாவெம் ஸோல்வித் என்றால் கப்பலை அவிழ்த்தான். அதாவது, புறப்பட்டான்" என்றேன்.

"அவுத்தா மட்டும் போதுமா? இஞ்சின் போட வேண்டாமா?"

வேம்பாரில் வள்ளம் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளையான பிரதர் ஜெரோமுக்குப் பொறுக்கவில்லை. "ஏலே, வயக்காட்டான்! எங்கப்பா கயித்த அவுத்துட்டாருன்னு சொன்னா, ஆளு கடலுக்குப் போயாச்சின்னு அர்த்தம். இஞ்சினப் பத்தி எவம்லே கேக்கான்?"

"சரி, நேர்ச்சைக்கு எதை அவிழ்ப்பது?" என்று கேட்டேன்.

லூர்து யோசித்தார். "தம்பிக்குக் காய்ச்சல் வந்தப்ப எங்கம்மா மாதாவுக்கு நேந்துகிட்டு, மஞ்சத் துணியில காசு முடிஞ்சு வச்சா மிஸ். சொகமானதும் கோயிலுக்குக் கொண்டு போயி, முடிச்ச அவுத்து உண்டியல்ல போட்டா. அதோட நேர்ச்சை தீந்துது."

அவிழ்த்தாள், செலுத்தினாள், நிறைவேற்றினாள். பாரம் இறங்கியது; அவளும் விடுபட்டாள். அகராதியில் வரிசையாகக் கிடந்த நான்கும் ஒரு மஞ்சள் துணிக்குள் அடங்கிவிட்டன. அடுத்து அதைத்தான் சொல்ல இருந்தவள்போல நான் தலையாட்டிக்கொண்டேன்.

2. கப்பல் புறப்படவில்லை

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ரெக்டர் சாமியின் முகம் மலர்ந்திருந்தது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. கையோடு கொண்டுவந்திருந்த கயிற்றை எடுத்தேன். வெளிப்பக்கம் திறக்கும் கதவுதான் கப்பல். ஜன்னல் கம்பிதான் துறைமுகம். இரண்டையும் இழுத்துக் கட்டினேன்.

"ஒருவருக்குக் கட்டளை என்றால் ஸோல்வே. பலருக்கு என்றால் ஸோல்விதே. பிரதர் லூர்து, ஸோல்வே!"

லூர்து கப்பலை முதலில் தள்ளிப் பார்த்தார். முடிச்சு இறுகியது. பிறகு அவிழ்க்கப் பார்த்தார். நகம்தான் போனது. ஜெரோம் வந்து குனிந்தார்.

"இந்த முடிச்ச யாரு மிஸ் சொல்லித் தந்தது?"

"எங்கப்பா."

"அவங்களுக்கு என்ன வேலை?"

"உப்பு மூட்டைக்கு வாய் கட்டுறது."

"அதான பாத்தேன். மூட்டைன்னா லாரியில எங்கன போனாலும் அவுறக் கூடாது. வள்ளம்னா ஒரு இழுப்புல அவுறணும். இந்த முடிச்சுக்கு வள்ளம் கரையிலயே கெடந்து கருவாடாப் போயிரும்."

அப்போது நண்பகல் ஜெப மணி அடித்தது. ஜெபத்துக்குத் தாமதமாக வருகிறவர்களை ரெக்டர் சாமி வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார். இன்று கதவு திறக்காமல் அவரே உள்ளே.

"கத்தி கொண்டாரச் சொல்லட்டுமா சாமி?" என்று யாரோ கேட்டார்கள்.

"கத்தி எதுக்குலே? அவுக்கதுதான பாடம்? அறுக்கதுக்கு வேற சொல்லு இருக்கு." ரெக்டர் சாமி அங்கியின் கையை மடித்துவிட்டு எல்லாரையும் பார்த்துச் சொன்னார்: "ஸோல்விதே!"

அவரும் லூர்துவும் கதவை உள்பக்கமாக இழுத்துப் பிடித்தார்கள். கயிறு தொய்ந்ததும் ஜெரோம் பேனா முனையை உள்ளே விட்டு நெம்பினார். கப்பல் புறப்பட்டது. "ஸோல்விமுஸ், மிஸ்!" என்றார் ஜெரோம். அவிழ்த்துவிட்டோம். போன வாரம் நான் கற்பித்த விகுதியை, யாரும் எடுத்துக் கொடுக்காமலே சரியாக ஒட்டியிருந்தார்.

எல்லாரும் ஓடிய பிறகு ரெக்டர் சாமி வாசலில் நின்றார். "நாளைக்கு என்ன வினைச்சொல்லு டீச்சர்?"

"லிகாரே, சாமி." கயிற்றைச் சுருட்டிப் பைக்குள் திணித்தேன். "கட்டுதல்."

அவர் ஜன்னலைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். "எடுங்க. நாளைக்கும் எடுங்க, அடுத்த வருசமும் எடுங்க. கதவ மட்டும் விட்டுருங்க."

புதிதாகப் பாடம் எடுக்க வருகிறவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஒன்று சொல்வேன். அகராதிப் பொருளைக் கரும்பலகையில் எழுதியதும் சாக்பீஸைக் கீழே வைத்துவிடுங்கள். அந்தச் சொல் தங்கள் வீட்டில் என்ன வேலை பார்க்கிறது என்று எதிரே இருப்பவர்களைக் கேளுங்கள். செய்து காட்டித்தான் ஆக வேண்டும் என்றால், வள்ளத்துக்கார வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு முடிச்சைப் போடச் சொல்லுங்கள்.