மாட்டுக்கு எடுத்த தண்ணீர்

“சுகாதார விழிப்புணர்வு குறைந்தவர். ஒத்துழைப்பு: திருப்தியில்லை.” கிணற்றுநீர் ஆய்வு அறிக்கையில் நீர்வேலி பொன்னம்பலத்தைப் பற்றி இப்படித்தான் எழுதியிருக்கிறது. எழுதியவர் பீ.எச்.ஐ என்று ஊர் கூப்பிடும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மயூரதன். தண்ணீர் மாதிரி எடுக்க வந்த அன்று பொன்னம்பலத்தின் வீட்டில் இரண்டு செவ்விளநீர் குடித்தவரும் அதே மயூரதன்தான்.

அன்று பரிசோதகர் கொண்டுவந்த போத்தலைப் பொன்னம்பலம் வாங்கி, முகர்ந்து பார்த்து, தானே அலசிக் கொடுத்தார். “உன்ரை போத்தில் ஊத்தையெண்டால் என்ரை தண்ணிக்கெல்லோ தம்பி கெட்ட பேர்.”

கலியாண வீட்டுக்கும் சொந்தத் தண்ணீரோடு போகிறவர் அவர். பிறர் வீட்டில் செம்பை நீட்டினால் ஒரு மிடறு வாயில் வைத்துக் கண்ணை மூடுவார். பிறகு தீர்ப்பு வரும். “சவர்.” அல்லது, “உது குளிக்கத்தான் ஆகும்.” மகளுக்குப் பருத்தித்துறையில் மாப்பிள்ளை பார்த்தபோது, மனைவி பெடியனின் உத்தியோகத்தை விசாரித்தார், இவர் வீட்டுக்குப் பின்னால் கோடிப்பக்கம் போய்க் கிணற்றை விசாரித்தார். “பெடியன் தங்கம். கிணறுதான் கொஞ்சம் உப்பு” என்று சம்மதம் சொன்னார். இன்றைக்கும் பருத்தித்துறை பஸ்ஸில் அவ்வப்போது ஒரு கான் தண்ணீர் போகிறது. நடத்துநருக்கும் பழகிவிட்டது. “என்ன அண்ணை, சீதனம் இன்னும் குடுத்து முடியேல்லையோ?”

அவர் கிணற்றுத் தண்ணீர் இனிப்பு என்பதில் எங்கள் ஒழுங்கை வீடுகள் எதிலும் இரண்டு பேச்சில்லை. பின்னேரங்களில் குடத்தோடும் கானோடும் எல்லோரும் அங்கேதான். யாருக்கும் தடையில்லை, சிந்தினால் மட்டும் ஏச்சு விழும். “குடிக்கிற தண்ணியடி பிள்ளை, நிலத்துக்கு ஏன் வாக்கிறாய்?” ஓர் இலைகூட விழக்கூடாதென்று கிணற்றின்மேல் வலை கட்டியிருக்கிறார். குருநகரில் வாங்கிய பழைய மீன்வலை. மணம் போகும்வரை ஊறவைத்து, வெயிலில் போட்டு, மறுபடி ஊறவைத்துக் கட்டியது.

வலைக்கு வெளியே நாலு பக்கமும் அவருடைய வெங்காயத் தோட்டம். அங்கே அவர் வேறு மனிதர். யூரியாவைக் கைநிறைய அள்ளி வீசுவார். “நான் பட்டினி கிடந்தாலும் என்ரை வெங்காயம் கிடவாது.” வெங்காயம் தின்றதுபோக மிச்சம் செம்மண்ணில் இறங்கி, சுண்ணாம்புக்கல்லின் ஓட்டைகளால் எங்கே போய்ச் சேரும் என்று அவர் யோசித்ததில்லை. மேலே வலை கட்டியாயிற்றே.

போன மாசியில் ஒரு காலை மயூரதன் முடிவோடு வந்தார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

“ஐயா, உங்கடை தண்ணியிலை நைத்திரேற்று கூடிப்போச்சு. யூரியாவிலை இருந்து வாறது. கைக்குழந்தையளுக்கு இதிலை பால்மா கரைச்சுக் குடுத்தால் இரத்தத்திலை ஒட்சிசன் குறையும். பிள்ளை நீலம் பாரிச்சுப் போகும்.”

“விசர்க்கதை கதையாதை. சீனி மாதிரித் தண்ணி.”

“அது ருசியிலை தெரியாது ஐயா.”

“என்ரை நாக்கை விட உன்ரை மிசின் பெரிசோ? படலையைச் சாத்திப்போட்டுப் போ!”

ஒத்துழைப்பு திருப்தியில்லாமற் போனது இந்த இடத்தில்தான். ஆனால் படலைவரை போனவரைப் பொன்னம்பலமே திரும்பக் கூப்பிட்டார்.

“தம்பி... ரெண்டு தரம் கொதிக்க வைச்சால்?”

“கிருமியெண்டால் சாகும். இது சாகாது. தண்ணி வத்த வத்த இன்னும் கூடும்.”

பொன்னம்பலம் அடுத்த வளவைப் பார்த்தார். அங்கே உதயகலாவின் சின்னவள் இன்னும் குப்புறப் பிரளவில்லை. தாய்ப்பால் போதாமல் பால்மாவும் கொடுக்கிறார்கள். கரைப்பது பொன்னம்பலத்தின் கிணற்றுத் தண்ணீரில். பிள்ளைக்குக் கொடுப்பதை இரண்டு தரம் கொதிக்கவைக்கச் சொன்னதும் பொன்னம்பலந்தான்.

மத்தியானத்துக்குள் அந்த மிசின் பழுது என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லி முடித்தார். எல்லோரும் பார்க்க ஒரு செம்பு குடித்தும் காட்டினார். ஆனால் அன்று போடவிருந்த யூரியாப் பை கட்டு அவிழாமலே கிடந்தது. கேட்டதற்கு, “முழங்கால் நோ” என்றார். அந்த முழங்காலோடுதான் சைக்கிள் மிதித்துச் சந்திக்குப் போனார். பிரதேச சபைத் தண்ணீர்ப் பவுசரின் முன்னால் கானோடு முதல் ஆளாக நின்றார். மருந்து மணக்குது என்று அவர் இத்தனை காலமும் திரும்பியும் பாராத தண்ணீர் அது.

“என்ன பொன்னண்ணை, நீங்களுமோ?” என்று கேட்டேன்.

“மாட்டுக்கு” என்றார்.

அவரிடம் மாடு இல்லை.

பின்னேரம் உதயகலா சின்னவளைத் தோளில் போட்டுக்கொண்டு குடத்தோடு வந்தாள். கைப்பிள்ளைக்காரி என்பதால் அவளுக்கு இவரே அள்ளி ஊற்றுவது வழக்கம். அன்று கயிற்றைத் தொடவில்லை. நான்தான் அள்ளி நிரப்பினேன்.

“மாமா, பீ.எச்.ஐ என்னவோ சொன்னவராமே?”

அவர் கிணற்று வலையின் ஓரத்தை இழுத்துக் கட்டினார்.

“மிசின் பழுதாமெல்லோ. என்னையும் அம்மா இந்தத் தண்ணியிலைதானே வளர்த்தவா. எனக்கு உங்கடை சொல் போதும்.”

அவர் கிட்டப் போய்ச் சின்னவளின் உதட்டை விரலால் மெல்லத் தடவி, வெளிச்சத்தில் பார்த்தார்.

“சொண்டு ஏன் இப்பிடியிருக்கு?”

“என்ன மாமா, சிவப்பாத்தானே இருக்கு!”

“ஓம். சிவப்புத்தான்.” பிறகும் பார்த்துக்கொண்டு நின்றார். “குடத்தைத் தா பிள்ளை.” வாங்கி, வாழையடிக்குக் கொண்டுபோய்ச் சரிக்கப் போனார்.

“ஐயோ மாமா, குடிக்கிற தண்ணி!”

“என்ரை தண்ணி பிள்ளைக்குக் கூடாது” என்றார், எங்கள் எல்லோர் முன்னாலும்.

பொன்னம்பலம் தன் கிணற்றுத் தண்ணீரை வாழையடியில் ஊற்றினார். குசினிக்குப் போய், மாட்டுக்கு என்று எடுத்துவந்த கானைத் தூக்கிவந்து, அவள் குடத்தை நிரப்பிக் கொடுத்தார்.