கூரைமேல் ஏழு நாள் இருந்த பெட்டி

விமானம் தலைக்கு மேல் போகும்போது பிரயூன் நடக்கமாட்டான். சந்தின் எந்த இடத்தில் இருக்கிறானோ அங்கேயே கைத்தடியைக் காலோடு ஒட்டி நிறுத்தி, கழுத்தில் தொங்கும் லாட்டரிப் பலகையை அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவான். பார்வை இல்லாதவனுக்குத் தெரு என்பது சத்தம்தான். மோட்டார் சைக்கிள் எந்தப் பக்கம் வருகிறது, நூடுல்ஸ் கடைக் குழாய் எங்கே சொட்டுகிறது, யார் வீட்டு மின்விசிறி கரகரக்கிறது என்பதெல்லாம் சேர்ந்ததுதான் அவனுடைய வழி. மேலே அது போகிற முக்கால் நிமிடமும் அந்த வழி அழிந்துபோகும். பிறகு மெல்லத் திரும்பி வரும். காலை வேளையில் மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை இப்படி அழிந்து அழிந்து வரும்.

பாங்காக்கின் கிழக்கு விளிம்பில் அவன் அப்பா அந்த வீட்டைக் கட்டியபோது சுற்றிலும் மீன் குளங்கள். விமான நிலையம் வந்தபோது பிரயூனுக்கு வயது முப்பது. காதை வைத்தே பிழைத்துவிடலாம் என்று அதுவரை நம்பியிருந்தான். போன ஆண்டு, விமானத்துக்காக நின்றவன் மேல் சாப்பாடு கொண்டுபோகும் வண்டி ஒன்று மோதித் தோள்பட்டை எலும்பு முறிந்தது. ஓட்டி வந்தவன் பலமுறை ஒலிப்பான் அடித்தானாம். பொய் என்று சொல்ல முடியாது, அடித்திருப்பான்.

அன்று முதல் அவன் அக்கா மாலிவானுக்கு ஒரே பேச்சு: இந்தச் சந்தை விட்டுப் போய்விட வேண்டும். சலவை ஆலையில் வேலை பார்க்கும் அவளுக்கும் அவனுக்கும் உள்ள ஒரே சொத்து அந்த வீடு. விமானம் கத்துகிற வீட்டை யார் வாங்குவார்கள்? விமான நிலையமே வாங்கினால்தான் உண்டு. எதிர்வரிசை வீடுகளை அப்படித்தான் வாங்கி இடித்துவிட்டார்கள். பிரயூன் வீடு இருக்கும் இடதுவரிசைக்கு ஒன்றும் கிடையாது. சத்தம் எதுவரை எட்டும் என்று காட்டும் வரைபடத்தில் சிவப்புக் கோடு சந்தின் நடுவே போகிறது. சந்தின் அகலம் நான்கு மீட்டர். சத்தம் எதிர்வீட்டு வாசல் வரை வந்து, இந்தப் பக்கம் தாண்ட அனுமதி கிடைக்காமல் அங்கேயே நின்றுவிடுகிறது என்று படித்தவர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள்.

இடதுவரிசைக்காக ஓடியவள், நூடுல்ஸ் கடை நடத்தும் சங்வியன். சந்துக்குத் தலைவியும் அவள்தான். எலும்பு முறிந்த அன்று பிரயூனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனவளும் அவள்தான். இரண்டு ஆண்டு மனுக் கொடுத்து, கையெழுத்து வாங்கி, அலுவலக வாசலில் அட்டை பிடித்து நின்ற பிறகு, சத்தத்தை நேரில் அளப்பதாக ஒப்புக்கொண்டார்கள். சந்தின் நடுவில் இருந்ததால் பிரயூன் வீட்டுக் கூரையில் சத்தம் அளக்கும் பெட்டியை வைத்தார்கள். தொடர்ச்சியாக ஏழு நாள்.

ஏணியிலிருந்து இறங்கிய இளம் அதிகாரியிடம் பிரயூன் கேட்டான், "என்ன சத்தம்னு அதுக்குத் தெரியுமா தம்பி?"

"தெரியாதுண்ணே. எவ்வளவு சத்தம்னு மட்டும்தான் தெரியும்."

'என்னைப்போல ஒன்று. என்னைவிடக் கொஞ்சம் மட்டி' என்று பிரயூன் நினைத்துக்கொண்டான்.

பெட்டியின் எண்கள் தெரியும் திரை ஒன்றைக் கீழே சுவரில் மாட்டியிருந்தார்கள். மறுநாளே அதன் முன் கூட்டம் கூடியது. சத்தத்தின் அளவு பற்றி யாருக்கும் கவலை இல்லை. குலுக்கலுக்கு நான்கு நாள்தான் இருந்தது.

"பிரயூன், எண்பத்தி மூணு காட்டுது. கடைசியில எண்பத்தி மூணு வர்ற சீட்டு இருக்கா?"

"பதினேழு வருஷமா அதுதாங்க்கா என் தலையில விழுந்துக்கிட்டு இருக்கு. பரிசுதான் விழல."

சிரித்தார்கள். சீட்டும் வாங்கினார்கள். துன்பத்தை அளக்க வந்த எண்ணிலும் அதிர்ஷ்டம் தேடுகிற மக்கள். வேறு எதிலும் அவர்களுக்கு ஒரு கதவு திறந்ததில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மூன்றாம் நாள் மாலை, கடையில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது சங்வியன் அறிவித்தாள்: ஐந்தாம் நாள் காலை ஒன்பது பிக்குகளை அழைத்துப் பெட்டி இருக்கும் வீட்டிலேயே காப்பு மந்திரமான பிரித் ஓதப் போகிறோம். பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் சொல்லியாகிவிட்டது. நல்ல காரியம் தொடங்கும்போது ஓதாமல் இருப்பார்களா?

பிரயூனின் கரண்டி கிண்ணத்திலேயே நின்றது. எவ்வளவு சத்தம் என்று மட்டும் தெரிந்த பெட்டி. ஒலிபெருக்கி எது, விமானம் எது என்று அதற்குப் பிரிக்கத் தெரியாது. அவனுக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கடையில் அவன் ஒருவனுக்குத்தான் புரிந்தது.

"ஒலிபெருக்கி இல்லாம ஓதினா என்னக்கா?"

"இல்லாம ஓதினா சந்து முனையில இருக்கிறவங்களுக்குப் புண்ணியம் எப்படிடா போய்ச் சேரும்? நடந்தா போகும்?"

மறுபடியும் சிரிப்பு. பிரயூனும் சேர்ந்து சிரித்தான். அவனைத் தூக்கிச் சுமந்தவள், எல்லோர் முன்னாலும் இருக்கிறாள். மேலே ஒரு வார்த்தை சொன்னால் அவள் முகம் சுருங்கும். பிறர் மனம் சங்கடப்படக் கூடாது என்று தன் வாயைக் கட்டிக்கொள்வதற்கு இந்த ஊரில் க்ரெங் ஜாய் என்று பெயர். பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும்போதே இதையும் ஊட்டுகிறார்கள். மரியாதை என்கிறார்கள். பாதி நாட்டை ஊமையாக்கி வைத்திருக்கும் மரியாதை. மேலே இருப்பவனுக்கு இதைவிட வசதியான நற்குணம் உலகில் எங்கும் கிடையாது.

ஐந்தாம் நாள் பிக்குகள் வந்தார்கள். இந்தப் பகுதி மடத்துக்காரர்கள் ஆதலால் அவர்களுக்குப் பழக்கம் இருந்தது. விமானம் வரும்போது ஓதுவதை நிறுத்துவார்கள், அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள். ஓதி முடிப்பதற்குள் பதினாறு முறை நிறுத்தினார்கள். புத்தரின் சொல்லே வழிவிட்டு ஒதுங்கி நின்றதைக் கூரையின் பெட்டி எங்கும் குறித்துக்கொள்ளவில்லை. ஒலிபெருக்கியை மட்டும் குறித்துக்கொண்டது.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. மாலிவான் வாசித்தாள். ஐந்தாம் நாள் குடியிருப்பாளர்களே எழுப்பிய சத்தம் பதிவாகியுள்ளது. ஏழு நாளும் தொடர்ச்சியாக இருக்க வேண்டுமாதலால் அளவீடு முழுவதும் செல்லாது. அடுத்த அளவீடு மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு. அதுவரை பழைய வரைபடமே நிலைக்கும்.

அந்தப் பழைய வரைபடத்தை வரைந்தபோது ஒரு கூரையிலும் ஒரு பெட்டியும் வைக்கவில்லை. விமான நிலையம் கட்டும் முன்பே எங்கோ ஒரு கணினியில் போட்ட கோடு அது. ஒருநாள்கூட அளக்காத கோடு செல்லும். ஆறு நாள் ஒழுங்காக அளந்தது செல்லாது. இதைக் கேட்க மாலிவான் விடுப்பு எடுத்து அலுவலகம் போனாள். மிகவும் பணிவாகப் பேசினார்களாம். குளிர்ந்த தண்ணீர்கூடக் கொடுத்தார்களாம்.

அன்று மாலை சங்வியன் வந்து வாசலில் உட்கார்ந்தாள். இரண்டு விமானம் போயின.

"நான்தான் கெடுத்துட்டேனா, தம்பி?"

பிரயூன் அவள் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான். தெரிந்திருந்தும் சொல்லாமல் இருந்தவன் அவன். இப்போது மட்டும் சொல்லி என்ன?

"இல்லக்கா. அது இல்லேன்னா வேற ஏதாவது சொல்லியிருப்பாங்க."

அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னான். சொன்ன பிறகு, அது உண்மையாகவே இருக்கலாம் என்று தோன்றியது. தோள்பட்டை வலித்தது.

மறுநாள் காலை பலகையை மாட்டிக்கொண்டு இறங்கினான். எதிர்வரிசைச் சுவர்கள் இருந்தவரை தடியின் தட்டல் அவற்றில் பட்டுத் திரும்பி வரும், சந்தின் அளவு தெரியும். இப்போது அந்தப் பக்கம் தட்டினால் எதுவும் திரும்புவதில்லை. பத்தடி போவதற்குள் வானம் உறுமத் தொடங்கியது. தடியைக் காலோடு ஒட்டிக்கொண்டான். குழாய் போயிற்று, மின்விசிறி போயிற்று, கடையின் பாத்திரங்கள் போயின. ஏதோ ஒன்று அவன் முழங்காலைச் சூடாக உரசிக்கொண்டு போனது. பெட்ரோல் வாசனை வந்த பிறகுதான் வண்டி என்று தெரிந்தது. அவன் அசையவில்லை. குழாய் மறுபடி சொட்டுகிற வரைக்கும் நின்றான்.