இரண்டாவது ஊசிக்கு முன்னால்

குட்டி, நீ போன செய்தி வந்தபோது நான் அவசரப் பிரிவில் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். "அக்காளுக்கு நெஞ்சுவலி, போயிட்டா" என்று உன் தம்பி போனில் சொன்னான். ஊருக்கு நீ கிளாடிஸ் சிஸ்டர். எனக்குக் குட்டிதான்.

அடக்க ஆராதனையில் நம் டாக்டர் எழுந்து, "நான் சொன்னால் மறுபேச்சே பேசாத சிஸ்டர்" என்றார். சர்ச்சுக்குள் இருந்ததால் சிரிப்பு வெளியே வராமல் வாயைப் பொத்திக்கொண்டேன்.

முரண்டு பிடிக்கிற நோயாளியைத் தூங்கவைக்க எந்த ஊசி நல்லது என்று டாக்டர்கள் அடிக்கிற பேச்சை எட்டு வருஷமாகக் கேட்கிறேன். ஒருவருக்கு மிடாசோலம்தான், ஆள் சீக்கிரம் அடங்குவானாம். மற்றவருக்கு ஹாலோபெரிடால், மூச்சை அவ்வளவு அமுக்காதாம். மாட்டுக்கு விலை பேசுகிற மாதிரி கட்டிலைச் சுற்றி நிற்பார்கள். கிடக்கிறவன் முகத்தை ஒருவரும் பார்ப்பதில்லை. நீ மட்டும் கேட்பாய்: "எதுன்னாலும் போடுங்க டாக்டர். போட்ட பொறவு பக்கத்துல இருக்க ஆளுண்டா?"

திற்பரப்பிலிருந்து ஒரு ரப்பர் பால் வெட்டுகிறவரைக் கொண்டுவந்தார்களே. குடியை நிறுத்தி மூன்றாம் நாள், பாம்பு பாம்பு என்று அலறினார். மிடாசோலம் போட்டு ஐந்து நிமிஷம் ஆகவில்லை, கால் உதைத்தது. "இன்னொண்ணு போடு" என்றார் டாக்டர்.

"முதல்ல போட்டது பிடிக்கட்டும் டாக்டர்."

"இங்க டாக்டர் நீயா?"

"இல்ல. மூச்சு நின்னா, மூச்சு குடுக்க பலூன அமுக்கப்போறது நான்தானே."

என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ரப்பர்காரர் மார்பில் என் கையை வைத்தாய். "ஒரு நிமிசத்துல எத்தன மூச்சுன்னு எண்ணு மக்கா. பத்துக்குக் கொறஞ்சா கூப்பிடு."

"நான் அஞ்சாங்கிளாஸ் வரதான் படிச்சேன், பிள்ளே."

"பத்து வரைக்கும் தெரியுமில்லா? இந்த டாக்டருக்கு அதும் தெரியாது."

டாக்டரின் கோபம் தீருமுன் ரப்பர்காரர் தூங்கிவிட்டார், ஒற்றை ஊசியில். மறுநாள் உன்னைச் சீட்டு எழுதும் இடத்துக்கு மாற்றினார்கள். உனக்கு ஓய்வு கொடுத்தார்களாம். மேனேஜர் கூசாமல் சொன்னார்.

உன்னிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த எண்ணுகிற பழக்கம் ஒன்றுதான். நேற்று ஒருவருக்கு அடுத்தடுத்து இரண்டு ஊசி போட்டுவிட்டு, டீ குடிக்கக் கிளம்பினார்கள். நானாகப் போய் எண்ணினேன். எட்டு.

"டாக்டர், எட்டுதான் வருது."

"மாப்ப எடுத்துட்டு வெளிய போ."

போகவில்லை. உன்னைப் போலத் தோளை உலுக்கி, தாடையைத் தூக்கிப் பிடித்துச் சத்தம் போட்டேன். அப்புறம்தான் ஆக்சிஜன் வைக்க அந்தப் படிப்பாளிகளுக்குத் தோன்றியது. ஆள் பிழைத்தார். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அது எனக்கு வேண்டவும் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. அன்றைக்கு யாரு குட்டி எண்ணுவா?